பின்னல் பாணுக்கு நேரே அம்மாவின் பெயர்

என் வயதுக்காரர்களே, ஐம்பதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற ஜேர்மனித் தமிழ்ப் பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். டொக்டரிடம் அம்மாவின் வயிற்றுக்குத்தை ஜேர்மனில் விளக்கியவர்கள் நாங்கள். அப்பாவின் அன்ற்றாக்குக்கு, அதுதான் விண்ணப்பத்துக்கு, ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று பத்து வயதில் கந்தோரில் வாதாடியவர்கள் நாங்கள். வகுப்பாசிரியை சொன்ன குறையை அம்மாவுக்குப் பாராட்டாக மொழிபெயர்த்தவர்களும் நாங்கள்தான். ஒருவரும் மறுக்க வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும்.

அப்படி நான் மொழிபெயர்த்த ஒரு சொல்லால் ஒரு பெருநாளே கெட்டுப்போகப் பார்த்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜேர்மனியில் ரூர் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். எங்களுடையது இரண்டாம் மாடி. நாங்கள் கத்தோலிக்கர். உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிய, கோயில் மண்டபத்தில் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவது அங்கே வழக்கம். அதற்கு இரண்டு கிழமைக்கு முதலே மண்டபக் கதவில் ஒரு லிஸ்ற் தொங்கும். யார் முட்டை, யார் சீஸ், யார் ஜாம் என்று அதில் எழுதியிருக்கும். லிஸ்றை வைத்திருந்தவர் ஒரு ஜேர்மன் பெண்மணி. சாவிக்கொத்தும் பேனையும் எப்போதும் கையில் இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் லிஸ்ற்காரி.

எங்கள் குடும்பப் பெயருக்கு நேரே லிஸ்ற்காரி தன் கையாலேயே எழுதிவிடுவார்: சேவியற். கடதாசிச் சேவியற் ஒரு பைக்கற். மூன்று வருடமும் அதேதான். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

இன்று யோசிக்கும்போது அந்த மனுசி பாவம். அகதியாக வந்த குடும்பத்துக்குச் செலவு வைக்கக்கூடாது, பாரம் கொடுக்கக்கூடாது என்று இரங்கித்தான் எழுதியிருப்பார். ஆனால் அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒரு வீட்டுக்கு விசேசமென்றால் அடுப்படிக்கு முதலில் கூப்பிடப்படுகிற ஆள் அவர். அப்படிப்பட்டவரிடம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வாய் துடைக்கிற கடதாசியைக் கொண்டுவரச் சொன்னால்? ஒவ்வொரு வருடமும் அந்தப் பைக்கற்றை மேசையில் வைத்துவிட்டு, மண்டபத்தின் கடைசிக் கதிரையில் போய் இருப்பார். எனக்கு அழுகை வரும்.

நாலாவது வருடம் அம்மா கதவடியில் நின்று லிஸ்றை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பிள்ளை, இதிலை ஆகப் பெரிய சாமான் எது?"

"சொப்ஃப், அம்மா. பின்னல் பாண். அதுக்கு இன்னும் ஒருத்தரும் பேர் போடேல்லை."

பட்டரும் முட்டையும் சீனியும் போட்டு, பெண்பிள்ளையின் தலைமயிரைப்போல மூன்று பிரியாகப் பின்னிச் சுடுகிற பாண் அது. பெருநாள் மேசையில் நடுவில் வைப்பார்கள்.

"எங்கடை பேரை அதிலை போடு."

"உங்களுக்குச் செய்யத் தெரியுமோ?"

"உன்னைப் போடச் சொன்னனான்."

சேவியற்றை வெட்டிவிட்டு, நூலில் தொங்கிய பென்சிலால் எங்கள் பெயரைப் பின்னல் பாணுக்கு நேரே எழுதினேன். சாவிகள் குலுங்கின. பின்னால் லிஸ்ற்காரி நின்றார். எழுதியதைப் படித்தார், என் தலையைத் தடவினார், பிறகு மெதுவாக ஜேர்மனில் சொன்னார்: "சொப்ஃப் நல்ல கஷ்டமான வேலை, செல்லம். மா பொங்கவேண்டும், பதம் தெரியவேண்டும். பரவாயில்லை, அம்மா செய்து பார்க்கட்டும். எதற்கும் நான் பேக்கரியில் ஒன்று வாங்கி வைக்கிறேன்."

அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அம்மாவின் மூக்கு விடைத்தது. "சரி எண்டு சொல்லு," என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னார்.

அப்பாதான் சிரித்தார். "இஞ்சாரும், நாங்கள் பாண் வாங்கித் திண்ட பரம்பரை. சுட்ட பரம்பரை இல்லை. உந்தப் போறணையை நீர் ஒருநாளாவது மூட்டியிருக்கிறீரே?"

அது உண்மை. எங்கள் வீட்டு அவணுக்குள், அதுதான் அந்தப் போறணைக்குள், இருந்தவை: இரண்டு தாச்சி, ஒரு குழம்புச் சட்டி, எண்ணெய் வடிக்கிற அரிகரண்டி. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஜேர்மன்காரன் கட்டித் தந்த அலுமாரி என்றுதான் நாங்கள் அதை நினைத்திருந்தோம்.

"இனிச் சுடுவம்," என்றார் அம்மா. "அந்த மனுசி வாங்கி வைக்கிற பாணுக்குப் பக்கத்திலை என்ரை பாண் இருக்கோணும். இல்லாட்டி அந்த மண்டபத்துக்கு இனி நான் போகமாட்டன்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை.

இந்த நேரத்தில் மேல்மாடி அன்ரியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்கு நேர் மேலே தனியாக இருந்தவர். அம்மாவின் வயதுதான். உடுப்புத் திருத்துகிற கடையில் வேலை. மரக்கறிக் கடையில் துருக்கி மொழி பேசுவதைக் கேட்டு, அப்பா ஒரு வருடமாக அவரைத் துருக்கிக்காரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் படியில் அவர் கழுத்துச் சிலுவையைக் கண்டு அம்மா என்னைக் கேட்கச்சொன்னார். "இஸ்தான்புல்லில் பிறந்தேன். ஆனால் நான் ஆர்மேனியச்சி," என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் அன்ரி. அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

பெருநாளுக்கு முதல்நாள் அவர் வீட்டிலிருந்து படியெல்லாம் ஒரு வாசம் இறங்கும். பட்டர் வாசத்துக்குள் இன்னொன்று, பூவா கொட்டையா என்று சொல்லத்தெரியாத ஒன்று. நான் படியில் இருந்து மூக்கை நிமிர்த்தி மணந்திருக்கிறேன். அவர்களுடைய பின்னல் பாண் அது. பெயர் ச்சோரெக்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். கதவைத் திறந்த அன்ரியின் வலது கையில் மாவுக்கட்டு. பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்ததாம். அம்மா வந்த காரியத்தைச் சொன்னேன். அன்ரி தன் கட்டைக் காட்டினார். இந்த வருடம் பெருநாளுக்குத் தன் மேசையில் ச்சோரெக் இல்லை என்றார். சொல்லும்போது கண் கலங்கியது.

"அப்ப சுகமான வேலை," என்றார் அம்மா. "அவ வாயாலை சொல்லட்டும், நான் கையாலை செய்யிறன். ரெண்டு சுடுவம். ஒண்டு அவவுக்கு, ஒண்டு மண்டபத்துக்கு. மாவும் பட்டரும் நான் கொண்டு வாறன் எண்டு சொல்லு."

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமையில், திங்கட்கிழமை, மேல்மாடிக் குசினியில் முதல் முயற்சி. அம்மா தன் மாத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அன்ரி ஒரு சின்னப் பித்தளை உரலும் மூடி இறுகிய ஒரு டப்பாவும் எடுத்து வைத்தார். டப்பாவுக்குள் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பருப்புகள், இரண்டு கரண்டி வரும். மஹ்லெப் என்றார். ஒரு சாதிக் காட்டுச் செரிப்பழக் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கிற பருப்பாம். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சம் அவ்வளவுதான். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கைத்தது. ஆனால் அம்மா உரலில் ஒரு கரண்டி போட்டு இடித்தபோது வந்த வாசத்தில் அந்தக் கைப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

இளஞ்சூட்டுப் பால், ஈஸ்ற், சீனி, முட்டை, உருக்கிய பட்டர். அன்ரி கதிரையில் இருந்து இடது கையால் காட்டக் காட்ட அம்மா குழைத்தார். அரை மணித்தியாலம் குழைத்தார். மா சேரவில்லை. இழுத்தால் நீளவில்லை, பொல பொலவென்று அறுந்தது. பால் விட்டால் சேறு, மா போட்டால் மண். ஒரு மணித்தியாலம் மூடி வைத்தும் ஒரு விரற்கடைகூடப் பொங்கவில்லை. பிரி திரிக்கத் திரிக்க நடுவில் முறிந்தது. அம்மாவின் நெற்றியால் வேர்வை ஓடியது.

அன்ரி எழும்பி வந்து அம்மாவின் விரலைத் தொட்டுப் பார்த்தார். "குளிர். கை குளிர். மாவுக்கு இந்தக் கை சரியில்லை," என்றார். குளிர்ந்த கையால் குழைத்தால் ஈஸ்ற் எழும்பாது என்பது அவருடைய கணக்கு.

எனக்குப் பத்து வயது. களைப்பு, பசி. சுருக்கமாகச் சொன்னேன்:

"அம்மா, உங்கடை கை சரியில்லையாம்."

உங்களுக்கு விளங்கும். எங்கள் சனத்திடம் கை சரியில்லை என்று சொன்னால் அது குளிரைப் பற்றியா? கைராசி பார்த்து விதை போடுகிற, கைராசி பார்த்துப் பலகாரச் சட்டி ஏற்றுகிற ஆட்கள். ஒரு பெண்ணைப் பார்த்து அவள் கை தொட்டது விளங்காது என்று சொன்னால் அதற்குமேல் ஏச என்ன இருக்கிறது! அம்மா கையைக் கழுவினார். துவாயில் துடைத்தார். தகரத்தைக்கூட எடுக்கவில்லை.

"வா பிள்ளை, போவம்."

அடுத்தநாள் காலை எங்கள் வாசல் கால்மிதியில் துணியில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. அன்ரி அந்த மாவை எப்படியோ சுட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தார். அப்பா அதை மேசையில் தட்டினார். மேசை சத்தம் போட்டது.

"இதாலை எறிஞ்சால் ஆள் சரி," என்றார். "சுடாமல் விட்டிருந்தால் இடியப்ப உரலிலை போட்டு இடியப்பமாவது பிழிஞ்சிருக்கலாம்."

"என்ரை கை ராசியில்லாத கையாம். அதைக் காட்டத்தான் கொண்டுவந்து வாசலிலை வைச்சிருக்கிறா," என்றார் அம்மா.

"ஆடத் தெரியாதவள் அரங்கு கோணல் எண்டாளாம். அவ எதையோ மறைச்சுப்போட்டா. சூட்சுமத்தைச் சொல்லாமல் கையிலை பழி போடுறா. இந்தச் சனத்தை நம்பேலாது."

இதைச் சொன்னது என் அப்பா. நல்ல மனுசன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது வடிகட்டின பொய் என்று அந்தக் கிழமையே தெரிந்துபோனது. நானோ வாயே திறக்கவில்லை. அன்ரி "குளிர்" என்றும் சொன்னார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன் என்பதும் தெரிந்தது. சொன்னால் அடி விழுமோ என்று பயம். மேலே அன்ரி நடக்கிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன்.

புதன்கிழமை அம்மா ஒரு முடிவோடு எழும்பினார். "அவ என்ன எனக்குச் சொல்லித் தாறது? நானே செய்யிறன். பிழை கையிலை இல்லை, மாவிலைதான். மா பதமாய் அவியேல்லை."

புது மாப் பைக்கற் இரண்டை உடைத்து, வெள்ளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, இடியப்பம் அவிக்கிற பெரிய அலுமினிய ஸ்டீமருக்குள் வைத்து அடுப்பை மூட்டினார். அந்த ஸ்டீமர் பிறகு எந்த வீடு மாறலில் தொலைந்ததோ தெரியாது. குசினி முழுக்க ஆவி. கண்ணாடியெல்லாம் வேர்த்தது. அந்த நேரத்தில்தான் கதவு மணி அடித்தது.

மேல்மாடி அன்ரி. இடது கக்கத்தில் எங்கள் மாத் தகரம்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்ரி அதைக் கவனிக்கவில்லை. தகரத்தைத் திறந்து ஒரு நுள்ளு மாவை என் உள்ளங்கையில் வைத்தார். "இது என்ன மா? இரண்டு நாளாகப் பார்க்கிறேன். நாக்கில் வைத்தேன். இது மா இல்லை. எந்தக் கடை?"

நான் பதில் சொல்லமுதல் அவருக்கு ஆவி தெரிந்தது. நேரே குசினிக்குள் போனார். ஸ்டீமரைப் பார்த்தார். அம்மா மூடியைத் திறந்து, துணியை அவிழ்த்து, கட்டி உடைக்கத் தொடங்கினார், வேலை செய்கிற ஒருத்தியைத் தொந்தரவு செய்யாதே என்பதுபோல.

"இது என்ன?" என்றார் அன்ரி.

"மா," என்றேன்.

"மாவை... அவிக்கிறாளா?"

"ஓம். தகரத்திலை இருக்கிறதும் அப்பிடித்தான். அவிச்சு, அரிதட்டிலை மூண்டு தரம் அரிச்சு," என்று அம்மா தமிழில் பெருமையாகச் சொன்னார்.

நான் அதை ஜேர்மனில் சொன்னதும் அன்ரி பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! மாவுக்கட்டுக் கை மேசையில் அடிபட அடிபடச் சிரித்தார். கண்ணீர் வந்தது.

அம்மாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "என்னவாம் அவவுக்கு? ரொட்டிக்குப் பச்சை மா போடலாம். பெருநாள் பலகாரத்துக்கு ஆராவது பச்சை மா போடுவினமோ? நல்ல மாவாய்ப் போடோணும் எண்டு பாத்துப் பாத்து அவிச்சனான். சொல்லு!"

சொன்னேன். அன்ரியின் சிரிப்பு நின்றது. அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெதுவாக, நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "பாண் பொங்குவதற்கு மா உயிரோடு இருக்கவேண்டும். இவள் நல்லது செய்வதாக நினைத்து அதைக் கொன்றுவிட்டாள்."

"அம்மா, மா உயிரோடை இருக்கோணுமாம். நீங்கள் அவிச்சுக் கொண்டுபோட்டியளாம்."

அம்மா ஸ்டீமரைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். வாயில் கை வைத்தார்.

"என்ரை மாதாவே! பெரிய வெள்ளிக்கு முதலே கொண்டுபோட்டனே!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கிழவன் தும்புத்தடியால் முகட்டைத் தட்டினார். சிரித்து முடிய அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஆவியில் வெந்து சிவந்திருந்த கை. "சூடு. நல்ல கை. திங்கட்கிழமை குளிர் என்று சொன்னேனே, அது என் பிழை. மாவில்தான் எல்லாம்," என்றார்.

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுதழுது உண்மையைச் சொன்னேன். அம்மா என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினார். பிறகு அதே கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "இந்தப் பாவி குளிரை விழுங்கிப்போட்டாள்!" என்று அன்ரிக்குத் தமிழிலேயே சொன்னார். அன்ரிக்கு எப்படியோ விளங்கியது.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு அவணிலிருந்து தாச்சியும் சட்டியும் வெளியே வந்தன. முதல்முறையாக அதை மூட்டியபோது பழைய எண்ணெய் மணத்தது. மஹ்லெப் இன்னும் ஒரே ஒரு கரண்டிதான். பிழைத்தால் இன்னொரு முயற்சி இல்லை, கடைகளும் பூட்டிவிடும். அம்மா அதை இடித்து, உரலை இளஞ்சூட்டுப் பாலால் கழுவி, அந்தப் பாலையும் மாவுக்குள் விட்டார். கையோடு ஏலக்காய்ப் போத்தலை எடுத்தார். அன்ரி "நைன்!" என்று போட்ட அதட்டலில் போத்தல் தானாகவே தட்டுக்குத் திரும்பியது.

பச்சை மா குழைக்கக் குழைக்க மினுங்கியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. "ஐயோ, ரப்பர் மாதிரி வருதடி!" என்று அம்மா குழந்தைபோலக் கத்தினார். கிண்ணத்தை என்னுடைய நீலப் போர்வையால் மூடி வைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்க்கப்போய் அன்ரியிடம் ஏச்சு வாங்கினோம். ஒன்றரை மணித்தியாலத்தில் மா போர்வையை முட்டியது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

பின்னலுக்கு அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தோம். நாளாந்தம் என் தலையில் பின்னுகிற கை. மூன்று பிரியை எடுத்து, எனக்குக் கண் இழுக்கிற அளவுக்குப் பின்னுவாரே, அதே இறுக்கத்தில் பின்னி முடித்தார். அன்ரி இல்லையென்று தலையாட்டினார். "தளர்த்து. இது இன்னும் வளரப்போகிறது. இறுக்கினால் வெடிக்கும்."

"இதுக்கும் பள்ளிக்கூடப் பின்னல் ஆகாதாம்," என்றேன் நான், கொஞ்சம் சந்தோசமாகவே.

அவிழ்த்துத் தளரப் பின்னினார். முட்டை மஞ்சள் பூசி, எள்ளுத் தூவி, இரண்டையும் அவணுக்குள் வைத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு முன்னால் நிலத்தில் இருந்தோம். அது உள்ளே ஊதி, பொன்னிறமாகி, பின்னல் பின்னலாக எழும்பி வந்ததை ரசித்த அளவுக்கு நான் எந்தப் படத்தையும் ரசித்ததில்லை. மறைத்துப்போட்டா என்று சொன்ன அப்பா வாசம் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார்.

"ஒரு துண்டு வெட்டிப் பாப்பமே?"

"கை வைச்சால் முறிப்பன்," என்றார் அம்மா.

ஒரு பாணை அன்ரி தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே போனார். படியேறும்போது தன் மொழியில் ஏதோ பாடினார்.

உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனோம். மேசை நடுவில் லிஸ்ற்காரி சொன்னபடி பேக்கரிப் பாண் ஒன்றை வைத்திருந்தார், பெரியது, கண்ணாடிக் கடதாசி சுற்றியபடி. அம்மா பக்கத்தில் தன் பாணை வைத்துத் துணியை எடுத்தார். எள்ளும் மஹ்லெப்பும் மேசை முழுக்க மணத்தன. கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் ஒரு கிழவர் வெட்டினார். வாயில் வைத்தார். உடனே இன்னொரு துண்டு வெட்டித் தன் மனைவியின் தட்டில் வைத்தார். பிறகு பிள்ளைகள் வந்தார்கள், பாடகர் குழு வந்தது, பூசை வைத்த சுவாமி இரண்டாந்தரமும் வந்தார். கையால் பிய்த்தால் பஞ்சுபோல இழை இழையாக வந்தது. அம்மா கடைசிக் கதிரைக்குப் போகவில்லை. மேசையடியிலேயே கத்தியோடு நின்று, "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ," என்று ஜேர்மன்காரருக்குத் தமிழில் பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்குத் துண்டு கிடைக்கவில்லை, அப்பாவுக்கும் இல்லை. கால் மணித்தியாலத்தில் தட்டில் எள்ளு மட்டும் கிடந்தது. பேக்கரிப் பாணின் கடதாசியை யாரும் இன்னும் பிரிக்கவில்லை.

லிஸ்ற்காரி சாவி குலுங்க வந்தார். தட்டில் கிடந்த எள்ளை விரலால் ஒற்றி நாக்கில் வைத்தார். என்னிடம் குனிந்து, "அம்மா இதை எங்கே வாங்கினார் என்று கேள்," என்றார்.

நான் வாயைத் திறக்கமுதல் அம்மா முந்திக்கொண்டார். மூன்று வருடமாக அந்த மண்டபத்தில் என் வாயாலேயே பேசியவர், தன் வாயால், ஜேர்மனில், தலையை நிமிர்த்திச் சொன்னார்: "வாங்கவில்லை. நான். நானும் மேல்வீட்டுப் பெண்ணும்."

லிஸ்ற்காரியின் முகம் சிவந்தது. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: அடுத்த வருடம் இரண்டு செய்துதர முடியுமா, அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்காதா?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தலைகளை எண்ணினார் போல.

"ரெண்டு காணாது பிள்ளை. மூண்டு எண்டு சொல்லு."

மூன்று என்றேன்.